சின்ன ஜீப்பைக் காட்டு வழிக்கு ஆயத்தப்படுத்துதல்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

திருகோணமலையில் சின்ன ஜீப் வைத்திருக்கிறவர் கரடுமுரடான வழியைத் தேடி அலைய வேண்டியதில்லை. நிலாவெளி வீதியை விட்டுக் கடல் பக்கம் திரும்பினாலே மணல். வாடை மழை பிடித்துவிட்டால் மூதூர், வெருகல் பக்கத்து வயல் வழியெல்லாம் சேறு. பழைய சுசுகி எஸ்ஜே 410, சமுராய், கொஞ்சம் புதிய ஜிம்னி என்று ஏதாவது ஒன்றை வாங்கியவர் முதல் மாதமே வெல்டிங் கடைக்குப் போய், "அண்ணன், இதை உசத்தித் தாங்கோ" என்று கேட்பது இதனால்தான். நானும் அப்படித்தான் போனேன். அந்த வரிசை பிழை என்று பிறகுதான் விளங்கியது. வண்டியை உயர்த்துவது கடைசி வேலை. வண்டி புதைந்தால் அதைப் பத்திரமாக வெளியே இழுக்க வழி செய்வதும், தண்ணீர் உள்ளே போகாமல் பார்ப்பதும்தான் முதல் வேலை.

இதில் எஸ்ஜே 410 ஐ மனதில் வைத்து எழுதுகிறேன். ஏணி போன்ற செசி (வண்டியின் அடிச்சட்டம்), நான்கு சக்கரத்துக்கும் ஸ்பிரிங் பிளேட், ஒரு லீற்றர் எஞ்சின், ஒரு தொன்னைக்கூட எட்டாத எடை. அந்த எடைதான் இந்த வண்டியின் பலம். பெரிய ஜீப் அமிழ்ந்து போகும் மணலில் இது மேலால் போய்விடும். நாம் ஒட்டுகிற ஒவ்வொரு கிலோ இரும்பும் அந்தப் பலத்தில் இருந்து வெட்டி எடுப்பது. எதையும் ஒட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டிக்குக் கீழே படுங்கள்

ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய ஸ்குறூட்றைவர், ஒரு டோர்ச். இவ்வளவும் போதும். கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு உள்ளே போங்கள். ஜக்கை மட்டும் நம்பி எந்த வண்டிக்குக் கீழும் போகக் கூடாது. செசியின் ஒரு முனையில் இருந்து மறு முனை வரை சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று மணிபோல் கேட்கும். உள்ளே துரு தின்ற இடம் 'தொப்' என்று அடங்கிப் போகும். சத்தம் மாறிய இடத்தை ஸ்குறூட்றைவரால் குத்திப் பாருங்கள். கூரான முனை உள்ளே போனால் அந்த இடத்தில் ஒன்றையும் ஒட்ட முடியாது. துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்த பிறகுதான் மற்ற வேலை.

ஸ்பிரிங் பிளேட் செசியோடு சேரும் இடங்களையும் பின் பம்பருக்கு மேலே உள்ள பகுதியையும் இரண்டு தடவை பாருங்கள். உப்புக் காற்றுப்பட்ட வண்டிகளில் துரு முதலில் பிடிக்கும் இடங்கள் இவை. உப்புவெளியில் கடலுக்கு இரண்டு வளவு தள்ளி நின்ற வண்டியும் தம்பலகாமத்தில் நின்ற வண்டியும் ஒரே வருடத்து மொடலாக இருந்தாலும் ஒரே வண்டி அல்ல.

ரப்பர் புஷ், பிரேக் பைப், ஸ்டியரிங் போல்ஜொயின்ட் ஆகியவற்றில் தேய்ந்ததை எல்லாம் இப்போதே மாற்றுங்கள். இதற்குக் காசு செலவழிக்க மனம் வராது, தெரியும். ஆனால் பிரேக் சரியில்லாத வண்டிக்குப் பெரிய டயர் போடுவது மற்றவர்களுடைய உயிரோடு விளையாடுவது.

மூச்சுக் குழாய்: வெல்டிங் இல்லாத முதல் வேலை

முன் பின் அச்சு இரண்டின் மேலும் விரல் நுனி அளவில் ஒரு சின்ன மூடி இருக்கும். அச்சு அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. ஓடி ஓடிச் சூடான அச்சு திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய காற்றின் இடத்தை நிரப்ப அந்த மூடி வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே இழுபடும். அடுத்த முறை ஒயில் போல்ட்டைக் கழற்றும்போது பால் தேத்தண்ணி நிறத்தில் ஒழுகும். பெயரிங் போவதற்கு அதற்கு மேல் அதிக நாள் எடுக்காது.

மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குழாய் மாட்டக்கூடிய பித்தளை முனை ஒன்றைப் போடுங்கள். அதில் பெற்றோலுக்குப் பாவிக்கும் ரப்பர் குழாயை மாட்டிக் கிளிப் போட்டு, செசி ஓரமாக எஞ்சின் அறையின் உயரமான இடத்துக்குக் கொண்டு வாருங்கள். முனையை மேலே ஒரு வளைவு வளைத்துக் கீழ் பார்த்து வைத்து, சின்ன பெற்றோல் பில்டர் ஒன்றைச் செருகிவிடுங்கள். தூசு போகாது. அச்சு மேலும் கீழும் ஆடும், அதனால் அச்சுக்கும் செசிக்கும் நடுவே குழாய் தளர்வாக இருக்க வேண்டும். கியர் பெட்டிக்கும், முன் பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கும் இதே வேலைதான். ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். நான் செய்த வேலைகளிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் காப்பாற்றியது இது.

இழுவைப் புள்ளி

ஆறுதலாக வாசிக்க வேண்டிய பகுதி இது.

என்னுடைய முதல் இழுவைக் கொக்கியை நானே செய்தேன். வீடு கட்டி மிஞ்சிய கொங்கிறீட் கம்பியில் ஒரு துண்டை வளைத்து முன் பம்பரில் ஒட்டினேன். பார்க்க வடிவாக இருந்தது. குச்சவெளிப் பக்கம் ஒரு நாள் மணலில் அச்சு வரை புதைந்தது. வலை இழுக்க வந்த டிராக்டர்காரர் உதவிக்கு வந்து நைலோன் கயிற்றைக் கொக்கியில் கொழுவி இழுத்தார். கயிறு நன்றாக இழுபட்டு மெலிந்தது. ஒரு சத்தம். கொக்கி வெல்டிங்கோடு பிய்ந்து பறந்து டிராக்டரின் மட்காட்டில் அடித்தது. கை முஷ்டி போகிற அளவுக்குக் குழி. அந்த மட்காட்டில்தான் வழக்கமாக ஒருவர் உட்கார்ந்து வருவார். அன்றைக்கு அவர் இறங்கி எனக்காக மண் வெட்டிக்கொண்டு நின்றார்.

நைலோன் கயிறு ரப்பர்போல இழுபடும். இழுபடும்போது சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும். பிடி விட்டால் அந்தச் சக்தி முழுவதும் கொக்கியோடு போகும். கொங்கிறீட்டுக்குப் போடும் முறுக்குக் கம்பியோ ஒட்டும்போது சூட்டில் தன் குணத்தை இழந்து, வெல்டிங் ஓரத்திலேயே முறியப் பார்க்கும். பம்பர் வெறும் மெல்லிய தகடு. மூன்று பிழையையும் ஒரே கொக்கியில் செய்திருந்தேன்.

இப்போது செய்யும் முறை இதுதான். 12 மில்லிமீற்றர் தடிப்புத் தகட்டில் இரண்டு துண்டு வெட்டுங்கள், செசியின் இரு பக்கத்துக்கும் ஒவ்வொன்று. தகடு செசியின் பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும், முனை மட்டும் பம்பருக்கு வெளியே நீள வேண்டும். நீளும் முனையில் வளையச் சக்கிள் போக ஓட்டை போடுங்கள். முக்கால் அங்குலச் சக்கிளின் ஊசி 22 மில்லிமீற்றர், ஆகவே ஓட்டை 24 போதும். ஓட்டையின் விளிம்புக்கும் தகட்டின் விளிம்புக்கும் இடையில் குறைந்தது 30 மில்லிமீற்றர் இரும்பு இருக்க வேண்டும். ஓட்டையை டிறில் பண்ணுங்கள். காஸில் ஊதி எடுத்தால் விளிம்பு கரடாகி, அங்கிருந்து வெடிப்புத் தொடங்கும்.

செசியோடு சேர்ப்பது போல்ட்டால். ஒரு பக்கத்துக்கு நான்கு, 12 மில்லிமீற்றர், தலையில் 8.8 என்று அடித்தவை. முதல் எட்டு, அது அறாமல் தாங்கும் பலம் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூட்டன் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எட்டு, அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் நிற்கும் என்பதை. தலையில் ஒன்றும் எழுதாத போல்ட் கதவுப் பிணைச்சலுக்கு நல்லது, இதற்கு வேண்டாம்.

புதியவர்கள் தவற விடுகிற ஒன்று இங்கேதான் இருக்கிறது. செசி உள்ளே வெறுமையான பெட்டி. நீளப் போல்ட்டைப் போட்டு இறுக்கினால் பெட்டி நசுங்கும், போல்ட் ஒருநாளும் சரியாக இறுகாது. ஆகவே ஒவ்வொரு போல்ட்டுக்கும் செசியின் உள் அகலத்துக்கு ஒரு தடித்த குழாய்த் துண்டு வெட்டி, ஓட்டைக்குள் வைத்து ஒட்டிவிட வேண்டும். போல்ட் அந்தக் குழாய்க்குள்ளால் போகும். இறுக்கும் பாரத்தைக் குழாய் வாங்கிக்கொள்ளும். மறுபக்கத்தில் 6 மில்லிமீற்றர் தகடு ஒன்று. இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ஸ்பனர் கிடைத்தால் 80 நியூட்டன் மீற்றர் அளவில் இறுக்குங்கள்.

பின்னுக்கும் இதே மாதிரி ஒன்று செய்யுங்கள். டிறெயிலர் கொழுவும் உருண்டையில் கயிற்றைப் போட்டு ஒருபோதும் இழுக்காதீர்கள், அது முறிந்து பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போடுங்கள். சுற்றி நிற்கும் ஆட்களைக் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரத்துக்கு அனுப்புங்கள். நம் ஊரில் வண்டி புதைந்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். நல்ல மனம்தான். அவர்களை விலகி நிற்கச் சொல்லுவது உங்கள் பொறுப்பு.

ஒட்டு வேலை பற்றி

உங்களுக்கே வெல்டிங் தெரியாவிட்டால் வெட்டுவது, டிறில் பண்ணுவது, துருத் தேய்ப்பது எல்லாம் நீங்கள் செய்துவிட்டு, ஒட்டுவதை மட்டும் கை தேர்ந்த ஒருவரிடம் கொடுங்கள். பழக விருப்பம் என்றால் வண்டியில் பழகாதீர்கள். பழைய இரும்புக் கடையில் வாங்கிய துண்டுகளை ஒட்டி, குறட்டில் பிடித்துச் சுத்தியலால் அடித்து முறித்துப் பாருங்கள். ஒட்டு பிரிந்து வந்தால் இன்னும் பழக வேண்டும். இரும்பு வளைந்து ஒட்டு நின்றால் சரி.

3 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள இரும்புக்கு 2.5 மில்லிமீற்றர் 6013 வகை வெல்டிங் குச்சி, 70 முதல் 90 அம்பியர் வரை. அதற்கு மேல் தடிப்பென்றால் 3.2 குச்சி, 100 முதல் 130. பெயின்டும் துருவும் போய் வெள்ளி நிறம் தெரியும் வரை கிறைண்டர் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுக்குள் ஓட்டை ஓட்டையாக நிற்கும். மழைக் காலத்தில் குச்சிப் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள். கடற்காற்றில் ஈரம் பிடித்த குச்சி சிதறிச் சிதறி எரியும். தண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கும் வெள்ளைப் பூச்சுக் குழாயை அப்படியே ஒட்டினால் துத்தநாகப் புகை வரும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்க் காய்ச்சல்போல் உடம்பு நடுங்கும். பூச்சைத் தேய்த்துவிட்டு, வெளியில் காற்றோட்டத்தில் வைத்து ஒட்டுங்கள்.

வண்டியில் ஒட்டும்போது பற்றரியின் இரண்டு வயரையும் கழற்றுங்கள். எர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடியுங்கள், தூரத்தில் கடித்தால் மின்சாரம் பெயரிங் வழியாகப் போகும். பெற்றோல் டாங்கிக்குப் பக்கத்தில் வேலை என்றால் டாங்கியைக் கழற்றித் தூரமாக வையுங்கள். வெறும் டாங்கி இன்னும் ஆபத்து, அதற்குள் இருப்பது ஆவி. செசியின் குறுக்கே நேர்கோட்டில் மேலிருந்து கீழாக ஒட்டுக் கோடு இழுக்காதீர்கள், அந்தக் கோட்டிலேயே செசி வெடிக்கும். வலுத் தகட்டின் முனைகளைச் சாய்வாக, மீன் வாய்போல வெட்டி ஒட்டினால் பாரம் பரவும்.

நம் வளவுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புல் காய்ந்து கிடக்கும். கிறைண்டர் பொறி கிடுகு வேலியில் விழுந்தால் வேலி ஒரு நிமிடத்தில் பிடிக்கும். ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், பார்த்துக்கொண்டு நிற்க ஒரு ஆள். இந்த மூன்றும் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள்.

தண்ணீருக்கு உயர்த்திய காற்றுக் குழாய்

எஞ்சின் தண்ணீரை விழுங்கினால் பிஸ்டன் மேலே வரும்போது அழுத்த முடியாது. தண்ணீர் சுருங்காது, ஆகவே கொனெக்டிங் ரொட் வளையும். ஒரு நொடியில் எஞ்சின் போய்விடும். கூரை உயரத்துக்குக் காற்றுக் குழாய் வைப்பது இதற்காகத்தான்.

ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் பீவீசீ குழாயிலேயே செய்யலாம். எயார் பில்டர் பெட்டியின் வாய்க்குச் சமமான, அல்லது கொஞ்சம் பெரிய விட்டம் எடுங்கள். சின்னக் குழாய் எஞ்சினின் கழுத்தை நெரிக்கும். பீவீசீ 80 பாகை அளவுச் சூட்டில் இளகும், எக்சோஸ்ட் பக்கத்தால் கொண்டு போகக் கூடாது. எஞ்சின் ஆடும், பொடி ஆடாது, அதனால் நடுவில் ஒரு ரப்பர் மூட்டு வைத்து இரு பக்கமும் கிளிப் போடுங்கள். கஷ்டமான இடம் பில்டர் பெட்டிதான். அதன் அடியில் தூசுத் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும், மூடி சேரும் இடம் காற்றுக் கசியும். இரண்டையும் அடைக்காவிட்டால் மேலே நீளும் குழாய் வெறும் அலங்காரம்.

சரி பார்க்கும் முறை எளிது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, மெல்ல ஓடும்போது குழாயின் மேல் வாயை உள்ளங்கையால் முழுக்கப் பொத்துங்கள். கையை உள்ளே இழுப்பது தெரியும், மூன்று நான்கு நொடியில் எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறு எங்கிருந்தோ காற்று எடுக்கிறது, அந்த வழியால் தண்ணீரும் போகும். தேடி அடைத்துவிட்டு மறுபடி பொத்துங்கள்.

இது இருக்கிறது என்று ஆழத் தண்ணீரில் இறங்க வேண்டாம். பழைய எஞ்சினில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தாலே போதும், நடு ஆற்றில் நின்றுவிடும். பழைய டியூப் ரப்பரில் ஒரு துண்டு வெட்டி அதற்கு முன்னால் மறைப்பாகக் கட்டுங்கள். ஓடுகிற தண்ணீர் முழங்காலுக்கு மேல் என்றால், அல்லது நீங்கள் நடந்து பார்க்கத் துணியாத தண்ணீர் என்றால், வண்டியை இறக்காதீர்கள். கடல் தண்ணீரில் எந்த ஆழத்திலும் வேண்டாம்.

டயரும் உயரமும்

ஸ்பிரிங்கை உயர்த்தினால் பொடி உயரும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் முட்டுவது அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷல் குண்டுதான். அதை உயர்த்துவது டயர் ஒன்றே. 215/75 ஆர் 15 டயரின் உயரம் கிட்டத்தட்ட 70 சென்ரிமீற்றர். 235/75 போட்டால் 73 இற்குச் சற்று மேல். அச்சு உயர்வது அதில் பாதி, ஒன்றரை சென்ரிமீற்றர். அதற்கு விலையும் உண்டு. ஒரு லீற்றர் எஞ்சின் திணறும், பிரேக்குக்கு வேலை கூடும், ஸ்பீடோமீற்றர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். புதியவருக்கு நல்ல பிடிப்புள்ள 215 போதும் என்பது என் முடிவு.

அதற்கு மேலும் உயரம் வேண்டும் என்பவர்கள் ஸ்பிரிங் சக்கிளை நீட்டுவார்கள். இது இழுவைக்குப் போடும் வளையச் சக்கிள் அல்ல, ஸ்பிரிங் முனையைச் செசியோடு சேர்க்கும் இரட்டைப் பட்டை. இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஒரு அங்குலம்தான் உயரும், ஏனென்றால் சக்கிள் இருப்பது ஸ்பிரிங்கின் ஒரு முனையில் மட்டும். எஸ்ஜேயில் முன் ஸ்பிரிங்கின் சக்கிள் முன்பக்கம் இருக்கிறது. அதை நீட்டும்போது அச்சு முன்னால் சரியும், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் குறையும், தார் வீதியில் வண்டி அலையும். ஆகவே இரண்டு அங்குலத்துக்கு மேல் நீட்டாதீர்கள். 10 மில்லிமீற்றர் பட்டை இரும்பில் செய்து, இரண்டு பட்டைக்கும் நடுவில் ஒரு குறுக்குத் துண்டு வையுங்கள். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் சாய்வுத் தகடு வைத்துக் கோணத்தைத் திருப்பி எடுங்கள். பிறகு சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டுப் பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று பாருங்கள். இழுபட்டால் நீளமான குழாய் மாற்றாமல் வீதியில் ஓட்டக் கூடாது.

ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே ஏற்றி வைக்கும் பெரிய வேலையை முதல் வண்டியில் தொடாதீர்கள். ஸ்டியரிங், பிரேக், புரொப்ஷாப்ட் கோணம் எல்லாமே மாறும். அது தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியது.

பதிவில் உள்ளதை மாற்றும் எந்த வேலைக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதிக்காரரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். கழற்றக்கூடியதாகப் போல்ட்டில் செய்த வேலைக்கு இங்கேயும் ஒரு நன்மை உண்டு. வேண்டாம் என்றால் கழற்றி வைக்கலாம்.

உப்போடு சண்டை

இந்த ஊரில் ஒட்டின வேலை முறிவதைவிட உக்குவதுதான் அதிகம். குழாயின் திறந்த முனைகளை எல்லாம் அடைத்து ஒட்டுங்கள். பெட்டியாக மூடும் இடத்தில், மிகத் தாழ்ந்த புள்ளியில் ஒரு வடிகால் ஓட்டை விடுங்கள். ஒட்டு ஆறியவுடன் கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, அன்றே துருத்தடுக்கும் றெட் ஒக்சைட் அடிப்பூச்சு இரண்டு கை அடியுங்கள். நாளைக்கு அடிக்கலாம் என்று விட்டால் காலையில் மஞ்சள் துரு பூத்திருக்கும். அது காய்ந்த பிறகு எனமல் இரண்டு கை. செசியின் உள்ளுக்கு மெழுகு வகைத் துருத்தடுப்புத் திரவத்தை நீளக் குழாயால் விசிறுங்கள். பழைய எஞ்சின் ஒயில் அடிக்கிறவர்கள் உண்டு. அது ரப்பர் புஷ்ஷை ஊத வைக்கும், வளவு மண்ணிலும் கிணற்றிலும் இறங்கும். நான் அடிப்பதில்லை.

முதல் ஓட்டம்

பெரிய மழை இல்லாத நாளில், இன்னொரு வண்டியோடு போங்கள். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, பனங்காணிக்குள் போகும் மணல் பாதை ஒன்றில் பாருங்கள். கடற்கரையில் ஓட்டிப் பழக வேண்டாம். ஆமை முட்டையிடும் மணல் அது, சட்டத்தால் காக்கப்பட்ட உயிர். கரைவலைக்காரர் வலை காய வைக்கும் இடமும் அதுதான்.

மணலில் இறங்க முன் டயர் காற்றை 16 பி.எஸ்.ஐ அளவுக்கு இறக்குங்கள். டயர் தட்டையாகி, நீளமாகப் படிந்து மிதக்கும். அந்தக் காற்றோடு வேகமாகப் போகவோ சட்டென்று திருப்பவோ கூடாது, டயர் ரிம்மை விட்டுக் கழரும். தார் வீதிக்கு ஏற முன் திரும்ப நிரப்ப ஒரு பம்ப் கையோடு இருக்க வேண்டும். ஜக் மணலில் அமிழும், அடியில் வைக்க ஒரு முதிரைப் பலகைத் துண்டு கொண்டு போங்கள். சக்கரம் சுழலத் தொடங்கினால் அக்சிலேற்றரை விடுங்கள். மிதித்தால் நீங்களே குழி தோண்டுகிறீர்கள். சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரி, பனை மட்டை இரண்டைப் போட்டு, வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுத்துப் பாருங்கள்.

போக முன் இறுக்கின ஒவ்வொரு நட்டிலும், நட்டில் இருந்து தகடு வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு மெல்லிய கோடு போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவின பிறகு, டோர்ச்சோடு மறுபடி கீழே படுத்து அந்தக் கோடுகளைப் பாருங்கள். நட்டுக் கோடும் தகட்டுக் கோடும் விலகியிருந்தால் அந்தப் போல்ட் தளர்ந்திருக்கிறது. இறுக்கி, பழைய கோட்டைத் துடைத்துப் புதுக் கோடு போடுங்கள். அடுத்த ஓட்டத்திலும் அதே நட்டு விலகினால், இறுக்குவதை நிறுத்திவிட்டு அந்தத் தகட்டைக் கழற்றி ஓட்டையையும் உள்குழாயையும் பாருங்கள்.